பெயர் தாங்கும் கற்கள்

இங்கிலாந்தில் ஏறக்குறைய எந்தக் கிராமத்துக்குப் போனாலும் ஒரு கல்லைப் பார்க்கலாம். தேவாலய வாசலில் நிற்கும், நாற்சந்தியில் நிற்கும், ஊர்ப் பொதுப் புல்வெளியின் ஓரத்தில் நிற்கும். பெரும்பாலும் சிலுவை. சில ஊர்களில் ஊசித்தூண். இன்னும் சில ஊர்களில் துப்பாக்கியைத் தலைகீழாக ஊன்றி, தலை குனிந்து நிற்கும் சிப்பாய். அடியில் முதல் உலகப் போரில் இறந்த உள்ளூர் ஆண்களின் பெயர்கள். இம்பீரியல் போர் அருங்காட்சியகம் பராமரிக்கும் பதிவேட்டில் பிரிட்டன் முழுவதற்குமாக 90,000க்கு மேற்பட்ட போர் நினைவுச் சின்னங்கள் இருக்கின்றன. தலைநகரத்துப் பெரிய சின்னங்களைப் பற்றி நூலகம் நிறையும் அளவுக்கு எழுதியிருக்கிறார்கள். கிராமத்துக் கல்லுக்கு அந்தக் கவனம் கிடைத்ததில்லை.

அந்தக் கல்லின் வடிவம் எங்கிருந்து வந்தது, அதன் உறுப்புகள் எதற்காக, யார் அவற்றைத் தீர்மானித்தார்கள் என்பதே இங்கே கேள்வி. படி, பீடம், தண்டு, தலை என எல்லா உறுப்புகளும் ஒரே வேலைக்காகக் கூடியிருக்கின்றன என்பது என் துணிபு. நின்று படிக்கக்கூடிய உயரத்தில் பெயர்களைத் தாங்குவதுதான் அந்த வேலை. இந்த அளவுகோலோடு நம் ஊர்களுக்கு வந்தால், மனம் கனக்கும் ஒரு வேறுபாடு தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் காரணம். போர்முனையில் புதைத்த உடல்களைத் தோண்டி எடுத்து ஊருக்குக் கொண்டுவருவதை 1915இல் தடை செய்தார்கள். அதுவரை வசதியுள்ள குடும்பங்கள் சில, பணம் செலவழித்து மகனின் உடலை வரவழைத்திருந்தன. 1917இல் அமைந்த இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் அந்தத் தடையை நிலையான கொள்கையாக்கியது. பிரிட்டிஷ் அருங்காட்சியக இயக்குநர் பிரெடரிக் கென்யன் 1918இல் அளித்த அறிக்கை, அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல், ஒரே வகை எழுத்து என்று வகுத்தது. நியாயமான முடிவுதான். ஆனால் அதன் விலையை ஊரிலிருந்த தாய்மார்கள் கொடுத்தார்கள். மண் போட ஒரு குழி இல்லை, பூ வைக்க ஓர் இடம் இல்லை. பிரான்ஸுக்குப் போய்வர ஏழைக் குடும்பங்களுக்கு வழியில்லை. பலருக்குக் கல்லறையே கிடைக்கவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் 1919 முதல் ஆறேழு ஆண்டுகளுக்குள் ஊர்தோறும் கல் எழுந்தது. அரசு கட்டிக் கொடுத்தது அன்று. ஊரார் வீடு வீடாகத் தண்டல் செய்து, குழு அமைத்து, சண்டை போட்டு, சமாதானமாகிக் கட்டியது.

பெரும்பாலான ஊர்கள் ஏன் சிலுவையைத் தேர்ந்தன? கிறித்தவ ஊர் என்பது பாதி விடைதான். மற்றொரு பாதி, இடைக்கால இங்கிலாந்தின் ஊர்ச் சிலுவைகள். சந்தைவெளியிலும் தேவாலய முற்றத்திலும் படிகள்மேல் நின்ற அந்தச் சிலுவைகளைச் சமயச் சீர்திருத்தக் காலத்தில் உடைத்தார்கள். பல ஊர்களில் படியும் மொட்டைத் தண்டும் மட்டும் மிஞ்சின. 1919இல் சில ஊர்கள் அந்தப் பழைய மொட்டைத் தண்டுக்கே புதிய தலை வைத்து நினைவுச் சின்னமாக்கின. புதிதாகக் கட்டியவர்களும் அதே அமைப்பைப் பின்பற்றினார்கள். கீழே எண்கோணப் படிகள். மேலே சதுரப் பீடம். அதன்மேல் சதுரமாகத் தொடங்கி, மூலைகள் சீவப்பட்டு, எட்டுப் பட்டையாக மாறி, மேலே போகப் போக மெலியும் தண்டு. நம் கோயில் தூண்களில் சதுரமும் எண்பட்டையும் மாறி மாறி வருவதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மாற்றம் உடனே பிடிபடும். கல்தச்சருக்கு மூலையைச் சீவுவது எளிய வேலை, பலன் பெரிது. ஒவ்வொரு பட்டையிலும் வெளிச்சம் வேறுவிதமாக விழுவதால் ஒடிசலான தண்டுக்கும் ஒரு கனம் வந்துவிடுகிறது.

தலையில்தான் பிணக்குகள் எழுந்தன. வெறும் சிலுவை எல்லாருக்கும் ஒத்துவந்தது. இயேசுவின் உருவம் தாங்கிய சிலுவை கத்தோலிக்க வாடை அடிக்கிறது என்று பல சீர்திருத்த சபையினர் எதிர்த்தார்கள். உயர்சபை மரபில் ஊறிய பாதிரியார் இருந்த ஊர்களிலோ, சிறு கூரை வேய்ந்த சிலுவைநாதர் உருவமே வேண்டும் என்றார்கள். கார்ன்வாலிலும் வேல்ஸிலும் வளையம் சூழ்ந்த கெல்டிக் சிலுவைக்கு உள்ளூர் மரபு இருந்தது. அது வேறு பகுதிகளுக்கும் பரவியது. ஆணையத்தின் கல்லறைத் தோட்டங்களுக்காக ரெஜினால்ட் புளும்ஃபீல்ட் வடித்த தியாகச் சிலுவை, கல்லின் முகத்தில் வெண்கல வாள் ஒன்றை முனை கீழ்நோக்கப் பதித்திருந்தது. அதைப் பார்த்துப் பல கிராமங்கள் தங்கள் சிலுவையிலும் வாள் பதித்தன. எனக்கு அந்த வாள் ஒப்பவில்லை. பீடத்தில் பெயர் கிடக்கும் மாட்டுக்காரனும் கொல்லனும் வாள் பிடித்தவர்கள் இல்லை. சேற்றில் நின்று பீரங்கிக் குண்டுக்கு இரையானவர்களை வாள் ஒரு பழங்கதைக்குள் கொண்டுபோய் மறைத்துவிடுகிறது.

லண்டன் வைட்ஹாலில் கட்டடக்கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் எழுப்பிய வெற்றுக் கல்லறைத் தூணுக்கும் கிராமங்களில் சிறு நகல்கள் பிறந்தன. 1919 ஜூலை 19 அன்று நடந்த அமைதி ஊர்வலத்துக்காக மரத்திலும் சாந்திலும் தற்காலிகமாக நிறுத்திய அதை மக்கள் மலர்களால் மூடினார்கள். 1920 நவம்பர் 11 அன்று போர்ட்லாந்துக் கல்லில் நிரந்தரமாக நின்றது. அதில் ஒரு நேர்கோடுகூடக் கிடையாது. நிமிர்ந்து செல்லும் விளிம்புகள் சுமார் 1,000 அடி உயரத்தில் ஒன்றுகூடும்படி உட்சாய்ந்தவை. கிடைமட்ட விளிம்புகளோ நிலத்துக்குக் கீழே சுமார் 900 அடி ஆழத்தில் மையம் கொண்ட வட்டங்களின் வில்துண்டுகள். கண்ணுக்குத் தெரியாத இந்த வளைவுதான் கல்லுக்கு உயிர் தருகிறது. நகல் எடுத்த பல ஊர்கள் நேர்கோட்டில் செதுக்கியதால் அவை பெட்டிகளாகவே நிற்கின்றன.

லுட்யன்ஸின் கிராமத்துக் கைவண்ணத்தைப் பார்க்க சாமர்செட்டின் மெல்ஸ் ஊருக்குப் போக வேண்டும். 1921இல் திறந்த நினைவுச் சின்னம் அங்கே இருக்கிறது: ஒரு தூண், அதன் உச்சியில் நாகத்தைக் கொல்லும் புனித ஜார்ஜ், பின்னால் சுவர், உட்கார இருக்கை. நினைவிடத்தில் உட்கார வசதி செய்தது சிறு விஷயமாகத் தோன்றலாம். அது கட்டடக்கலை முடிவு. நின்று வணங்கிவிட்டுப் போகும் இடமாக இல்லாமல், கிழவர்கள் மாலையில் வந்து அமரும் இடமாகவும் அது ஆகிவிடுகிறது. அதே ஊர்த் தேவாலயத்துக்குள் இன்னொரு நினைவுச் சின்னம் உண்டு. 1917இல் இறந்த, மெல்ஸ் மாளிகைக் குடும்பத்து மகன் எட்வர்ட் ஹார்னருக்காக ஆல்ஃபிரட் மன்னிங்ஸ் வடித்த குதிரைவீரன் சிலை, பீடம் லுட்யன்ஸுடையது. ஊராருக்குத் தூண் வெளியே மழையில், மாளிகை மகனுக்குக் குதிரைச் சிலை உள்ளே கூரையடியில். இரண்டும் அழகானவை. ஆனால் கல்லறைத் தோட்டத்தில் ஆணையம் கொண்டுவந்த சமத்துவம் ஊர் எல்லைக்குள் முழுதாக நுழையவில்லை என்பதை இந்த இரண்டும் சேர்ந்து காட்டுகின்றன.

கிழக்கு யார்க்ஷயரின் ஸ்லெட்மியர் கிராமத்துச் சின்னம் இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி நிற்கிறது. பிரிட்டனும் பிரான்ஸும் மேற்காசியாவைப் பங்கிட்ட ஒப்பந்தத்தால் அறியப்படும் மார்க் சைக்ஸ் அவ்வூர் நிலக்கிழார். போருக்கு முன்பே தம் வட்டாரத்துப் பண்ணை வண்டிக்காரர்களைத் திரட்டி, தேவைப்பட்டால் படைக்கு வண்டி ஓட்ட ஒரு தனிச் சேமப்படை அமைத்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். 1914 ஆகஸ்டில் அறுவடை நடந்துகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. சைக்ஸ் தாமே வரைந்த பருத்த தூணைச் சுற்றி அந்தக் கதை அடுக்கடுக்காகச் செதுக்கப்பட்டிருக்கிறது: வயலில் வேலையாக இருப்பவனுக்கு ஆணை வருகிறது, மனைவியிடம் விடைபெறுகிறான், கப்பலேறுகிறான், பிரான்ஸில் எதிரியைச் சந்திக்கிறான். ஜெர்மானியரைக் கொடியவர்களாகக் காட்டும் சிற்பங்களும் உண்டு. அந்தக் காலத்துப் பிரசாரம் கல்லில் உறைந்துவிட்டது. குறைகள் இருந்தும் இது எனக்கு மிகப் பிடித்த சின்னம். ஒரு விவசாயத் தொழிலாளியின் வேலையையும் அவன் பண்ணையையும் நினைவுச் சின்னத்துக்குள் கொண்டுவந்தது அரிய செயல்.

சிற்பி எரிக் கில் கேம்பிரிட்ஜ் அருகிலுள்ள ட்ரம்பிங்டனில் 1921இல் செய்த சிலுவையிலும் புனிதர்களோடு களைத்துப்போன ஒரு சிப்பாய் இடம்பெறுகிறான். கில்லின் பெரிய பங்களிப்பு உருவத்தைவிட எழுத்தில் இருக்கிறது. கிராமத்துச் சின்னத்தில் எழுத்தை இரண்டாம்பட்சமாக எண்ணக் கூடாது, அதுதான் கட்டடம். சுண்ணாம்புக்கல்லில் உளியால் கூர்பள்ளமாக வெட்டினால் நிழலே எழுத்தாகும், மை வேண்டாம். ஆனால் மழையும் கற்பாசியும் அதை ஒரு நூற்றாண்டில் மங்கவைத்துவிடும். கடினமான அபர்தீன், கார்ன்வால் கருங்கற்களில் எழுத்தைக் குடைந்து, சிறு துளையிட்டு, ஈயத்தை அடித்து நிரப்பினார்கள். அவை நெடுங்காலம் கறுப்பாகத் தெரியும்; உறைபனி புகுந்தால் ஓர் எழுத்து பெயர்ந்து விழும். வெண்கலத் தகடு மழைக்கு அஞ்சாது, திருடனுக்கு அஞ்சும். உலோக விலை ஏறிய காலங்களில் பெயர்த்தகடுகளைப் பெயர்த்து எடை போட்டு விற்ற கொடுமையும் நடந்தது.

பெயர்களை எந்த வரிசையில் வெட்டுவது? குழுக்கள் அதிகம் வாதாடியது இங்கேதான். பதவி வரிசையில் வெட்டினால் நிலக்கிழார் மகன் முதலில் வருவான். இறந்த தேதி வரிசையில் வெட்டினால் கல் ஊரின் நாட்குறிப்பாகிவிடும். பெரும் தாக்குதல் தொடங்கிய 1916 ஜூலைக்கு நேரே பெயர்கள் கொத்தாக நிற்கும். அகர வரிசையில் பதவி இல்லாமல் வெட்டினால் எல்லாரும் சமம். ஒரே குடும்பப்பெயர் இரண்டு, மூன்று முறை அடுத்தடுத்து வரும்போது அண்ணன் தம்பிகள் என்று சொல்லாமலே புரியும். நான் அகர வரிசையின் பக்கம். போரின் இறுதியாண்டும் ஊருக்கு ஊர் மாறும். சண்டை ஓய்ந்த 1918 என்று சிலர் வெட்டினார்கள், வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தான 1919 என்று சிலர்.

யார் பெயரை விடுவது என்ற கேள்வி இன்னும் கசப்பானது. படையிலிருந்து ஓடியதற்காகவும் கோழைத்தனத்துக்காகவும் தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டவர்களைப் பல ஊர்கள் சேர்க்கவில்லை. லிங்கன்ஷயரின் ஃபுல்ஸ்டோ கிராமம் வேறு முடிவெடுத்தது. அப்படிச் சுடப்பட்ட ஒருவனின் பெயரைக் கல்லில் சேர்க்க முடியாது என்றபோது, மற்றக் குடும்பங்கள் அவன் பெயர் இல்லாத கல்லில் எங்கள் பிள்ளைகள் பெயரும் வேண்டாம் என்றன. எண்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வூரில் நினைவுச் சின்னமே இல்லை. 2005இல்தான் அவன் பெயரையும் சேர்த்து வைத்தார்கள். மறு ஆண்டு நாடாளுமன்றம் அவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்கும் மன்னிப்பு வழங்கியது. கட்டப்படாத அந்தச் சின்னத்தையும் கட்டடக்கலை வரலாற்றில் சேர்த்து எழுத வேண்டும் என்பேன்.

கல் வேண்டாம், உயிரோடிருப்பவர்களுக்குப் பயன்படும் ஒன்றைக் கட்டுவோம் என்ற கட்சி ஊர்தோறும் இருந்தது. சமூகக்கூடம், வாசகசாலை, மணிக்கூண்டு, விளையாட்டுத் திடல், தேவாலய முற்றத்துக் கூரைவாசல் எனப் பலவும் எழுந்தன. அவர்கள் வாதம் வலுவானது. ஆனால் கூடத்துக்குள் மாட்டிய மரப்பலகை கட்டடம் கைமாறும்போது பரணுக்குப் போய்விடுகிறது. வெளியே நின்ற கல் அப்படியே நின்றது. இரண்டாம் போர் வந்தபோது புதிய பெயர்களைச் சேர்க்கக் கல்லில் இடமில்லை. படியின் முகப்பிலும் பீடத்தின் அடியிலும் நெருக்கி வெட்டினார்கள். 1920இல் அந்தக் கல்லை வரைந்தவர் இனி ஒரு போர் வராது என்று நம்பியிருந்தார் என்பதை அந்த நெருக்கடி காட்டுகிறது.

பெயரே வெட்ட வேண்டியிராத ஊர்களும் உண்டு. போனவர் அனைவரும் திரும்பி வந்த கிராமங்களை நன்றிக்குரிய கிராமங்கள் என்று எழுத்தாளர் ஆர்தர் மீ 1930களில் அழைத்தார். இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக இன்றுவரை அறியப்பட்டவை ஐம்பதைச் சற்றே தாண்டுகின்றன.

ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்ஸுக்குப் போனால் அமைப்பு மாறுகிறது. அங்கே 1920க்குப் பிறகு குடும்பம் கேட்டால் அரசுச் செலவில் உடலை ஊருக்கு அனுப்பினார்கள். ஆயினும் சுமார் 14 லட்சம் பேர் இறந்த நாட்டில் கிட்டத்தட்ட எல்லா ஊர்களிலும் சின்னம் எழுந்தது. 1919 அக்டோபர் சட்டம் மானியம் கொடுத்தது. மதத்தையும் அரசையும் பிரித்த 1905ஆம் ஆண்டுச் சட்டத்தால் பொது இடத்தில் சிலுவை வைக்க முடியாது. கல்லறைத் தோட்டத்தில் வைக்கலாம். ஆகவே ஊராட்சி மன்றத்து முன்றிலில் ஊசித்தூணும் சேவலும் சிப்பாய்ச் சிலையும் வந்தன. வார்ப்படத் தொழிற்சாலைகள் விலைப்பட்டியல் அச்சிட்டு விற்றன. எழேன் பெனே வடித்த வெற்றிவீரன் சிலை நூற்றுக்கணக்கான ஊர்களில் ஒரே முகத்தோடு நிற்கிறது. இந்தக் கூட்டத்தில் கிரஸ் மாவட்டத்தின் ஜென்டியூ தனித்து நிற்கிறது. அங்கே சிப்பாய் இல்லை. தொப்பியைக் கையில் பிடித்த ஓர் அநாதைச் சிறுவன், மறுகையை முஷ்டியாக்கி, கல்லில் வெட்டிய வாசகத்தை நோக்கி நீட்டுகிறான். போர் நாசமாகட்டும் என்பது அந்த வாசகம். அதிகாரிகள் நெடுங்காலம் அதைத் திறந்துவைக்க வரவில்லை. சிறுவனுக்கு மேலே ஊராரின் பெயர்ப்பட்டியல் இருக்கிறது. போரை வெறுக்கும் சின்னமும் பெயரை விடவில்லை.

அதே பிரான்ஸின் நூவ் ஷாபேல் கிராமத்தில் இந்தியருக்கான நினைவிடம் இருக்கிறது. ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927இல் திறந்தது. சாஞ்சி தூபியின் கல்வேலியை நினைவூட்டும் துளைச்சுவர் வட்டமாகச் சூழ, நடுவே தாமரைத் தலை கொண்ட சுமார் 15 மீட்டர் உயரத் தூண். உள்ளே 4,700க்கும் மேற்பட்ட பெயர்கள். பார்த்தால் நெஞ்சு நிறையும். ஆனால் மெசபடோமியாவில் இறந்தவர்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை. 1929இல் திறந்த பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களையும் இந்திய அதிகாரிகளின் பெயர்களையும் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவின் கீழே எண்ணிக்கையாக மட்டும் வெட்டினார்கள். போர்க் கல்லறை ஆணையமே 2021இல் வெளியிட்ட அறிக்கையில், பெரும்பாலும் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எகிப்தையும் சேர்ந்த குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது.

இந்தியக் கிராமங்களிலும் அதே கதைதான். 13 லட்சத்துக்கும் மேற்பட்டோரை அனுப்பிய நாடு இது; சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. போருக்குப் பின் ஆள் அனுப்பிய ஊர்களில் அரசு ஒரு கல்பலகையைப் பதித்தது. இந்த ஊரிலிருந்து 1914–1919 மாபெரும் போருக்கு இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டு எண்கள். திருச்சி காந்தி மார்க்கெட் அருகே நிற்கும் சின்னத்திலும் அந்த வகை வாசகம்தான். ஊர்ப் பலகைகளுக்குப் படி இல்லை, பீடம் இல்லை, ஊரார் கூடித் தீர்மானித்த வடிவமும் இல்லை. மேலே நான் விவரித்த உறுப்புகள் எல்லாம் எதைத் தாங்க வந்தனவோ, அது இல்லாததால் அவை தேவைப்படவும் இல்லை. 460 பேரை அனுப்பிய, பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் துல்மியால் கிராமத்துக்கு 1925இல் ஒரு பீரங்கியைப் பரிசாகக் கொடுத்தார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது.

இத்தனைக்கும் இறந்தவன் பெயரைக் கல்லில் எழுதுவதை வெள்ளைக்காரர் நமக்குக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை நடுகல் எடுக்கும் படிநிலைகளைத் தொல்காப்பியம் ஆறாக வகுத்திருக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழி எழுத்து நடுகல், ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்தவனின் பெயரையும் ஊரையும் சொல்கிறது. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் பழைய கல் அது. செங்கம் வட்டாரத்துப் பல்லவர் கால நடுகற்களில் மன்னன் ஆட்சியாண்டு, தலைவன் பெயர், இறந்தவன் பெயர், எதற்காக இறந்தான் என்பது எல்லாம் வரிசையாக வரும். எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்துநான்காம் ஆட்சியாண்டுக் கல் ஒன்று, எருமைகளைக் காத்து மடிந்த கருந்தேவகத்தியைச் சொல்கிறது. அவனோடு நின்று இரு கள்வரைக் கடித்த நாயின் உருவத்தையும் செதுக்கி, கோவிவன் என்று அதன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறது. நாய்க்குப் பெயர் எழுதிய மண்ணில், ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்து, மனிதர்களை எண்ணாக எழுதிய பலகையைப் பதித்தார்கள். அந்தப் பலகையைக் கடந்துபோகும்போதெல்லாம் எனக்கு ஆறுவதில்லை.

பெயர்கள் முற்றாகத் தொலைந்துவிடவில்லை. லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பதிவேடுகளிலிருந்து பஞ்சாபியர் சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் 2021இல் கணினிக்கு ஏற ஆரம்பித்தன. ஊர்வாரியாகத் தேடிக் கொள்ளுத்தாத்தாக்களைக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். ஆணையத்தின் இணையப் பட்டியலில் மதராஸ் படைப்பிரிவுகளின் பெயர்களையும் தேட முடியும். தந்தை பெயரும் ஊரும் பல பதிவுகளில் உண்டு. பழைய ஓய்வூதியத் தாள்களும் பதக்கங்களும் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில் கிடக்கின்றன. பதக்கத்தின் விளிம்பில் பெற்றவர் பெயரும் படை எண்ணும் பொறித்திருக்கும்.

அவற்றைத் திரட்டிய பிறகு எழும் கேள்வி கட்டடக்கலை சார்ந்தது. பழைய பலகையைத் தொடக் கூடாது. அதுவும் ஓர் ஆவணம். அதன் கீழே ஒரு கருங்கல் பலகை, நிற்பவர் நெஞ்சு உயரத்தில்; ஓர் ஆள் கைநீட்டித் தொடும் தொலைவில்; பதவி இல்லாமல் அகர வரிசையில், தமிழில், இறந்தவர்களின் பெயர்கள்; பிற்பாடு கண்டுபிடிக்கப்படும் பெயர்களுக்காக அடியில் கால்பங்கு வெற்றிடம். எதிரே உட்கார ஒரு திண்ணை. ஒரு கல்தச்சரின் சில வார வேலை இது. ஃபுல்ஸ்டோ எண்பது ஆண்டு கழித்துச் செய்ததை நம் ஊராட்சிகள் நூறாண்டு கழித்துச் செய்யலாம்.